ஜானவாசக் காரும் கொஞ்சம் புளியும்

சென்ற வாரம், மைசூர் அக்ரஹாரத்தில், ஒரு பிள்ளையார் கோயில் வாசலில், நாதஸ்வரமும் தவிலும் முழங்க என் மானம் போயிற்று.

என் மானம் மட்டும் என்றால் பரவாயில்லை. இந்தப் பத்தியில் எழுதி, உங்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு, அடுத்த காரியத்தைப் பார்த்திருப்பேன். பத்தி எழுதுகிறவனுக்கு அவ்வப்போது மானம் போனால்தானே விஷயம் கிடைக்கும்? ஆனால் இந்தத் தடவை என்னோடு சேர்ந்து இன்னொருவர் மானமும் போயிற்று. அதுவும் அவருடைய பெண்ணின் கல்யாணத்தில்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

என் காரை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும் — நான்தான் சந்தர்ப்பம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறேனே. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். குடகிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு காபித் தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. நீளமான மூக்கு, பெரிய பெரிய விளக்கு, நாலு லாரிக்கு வேண்டிய சத்தம். துணிக்கூரை ஒன்று உண்டு. மழை வந்தால் மட்டும் விரியாது. வயதான வண்டிதான். ஆனால் தெருவில் போனால் திரும்பிப் பார்க்காதவர் இல்லை... அந்தத் திரும்பிப் பார்ப்பதற்காகத்தான் வாங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், 'கார் கிளம்பாவிட்டால்' என்று இதே இடத்தில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? மறந்திருந்தால் க்ஷேமம். அதில் இரண்டு உபதேசம் செய்திருந்தேன். முன்விளக்கு பளிச்சென்று எரிந்தால் பேட்டரி பக்கமே போக வேண்டாம், கோளாறு செல்ஃப் ஸ்டார்ட்டரில்தான் என்பது ஒன்று. மின்சாரம் ஓடுகிற பித்தளையையும் செம்பையும் பூஜைப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று வைத்திருங்கள், வண்டி ஒரு நாளும் மக்கர் செய்யாது என்பது இன்னொன்று.

என்ன தைரியம் பாருங்கள். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தசராவுக்கு அரண்மனையில் விளக்குப் போடுவார்கள் என்பதுதான்.

ஆனால் அந்தப் பத்திக்குக் கிடைத்த பேர் இருக்கிறதே! மார்க்கெட்டில் நிறுத்தி விசாரித்தார்கள். கார் இல்லாதவர்கள்கூடப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களில் ஒருவர் ராமசேஷன்.

ராமசேஷன் ரயில்வே ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. யாராவது ஒன்று சொன்னால் மறுக்கவும் தெரியாது. அவருக்கு ஒரே பெண், ருக்கு. அவளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை சந்துரு, சிவசமுத்திரத்தில் மின்சார நிலையத்தில் இஞ்ஜினீயர். நல்ல பையன். ஆனால் சம்பந்தி வீட்டார் பெங்களூர்க்காரர்கள், கொஞ்சம் கெடுபிடி. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு, மாப்பிள்ளையின் அத்தை அலமேலு அம்மாளுடையது. அந்த அம்மாளின் வாயில் எந்தப் பேச்சும் வராமல் பெண்ணை நல்லபடியாக ஒப்படைத்துவிட வேண்டும் — ராமசேஷனுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

ஜானவாசத்துக்கு அவர் ஒரு சாரட்டு ஏற்பாடு செய்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, திறந்த வண்டியில் ஏற்றி, காஸ் லைட் வெளிச்சத்தில் தெருத் தெருவாக அழைத்து வருவார்களே, அதற்காக. இரண்டு வெள்ளைக் குதிரை, தலைப்பாகை கட்டிய வண்டிக்காரர், எல்லாம் பேசி முடித்தாயிற்று.

நான் சும்மா இருந்தேனா?

இந்தக் காலத்தில் போய்க் குதிரை வண்டியா என்று கேட்டேன். என் கார் இருக்கும்போதா என்று கேட்டேன். அவர் தயங்கினார். சம்பந்தி வீட்டுக் குழந்தைகளும் மாப்பிள்ளையோடு ஏறிக்கொள்வது வழக்கமாயிற்றே, உம்முடைய காரில் இரண்டு பேர்தானே உட்காரலாம் என்றார். குழந்தைகள் மட்கார்டில் உட்காரட்டும் என்று அதையும் அடித்துப் போட்டேன். நடுவழியில் நின்றுவிடாது அல்லவா என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. மறுநாள் சாரட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'கார் விஷயம் பத்திரிகையிலேயே எழுதியிருக்காரே' என்று வீட்டில் சமாதானம் சொன்னாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜானவாசத்தன்று மத்தியானமே காரைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வரும்போது அமர்க்களமாக வந்தது. பூக்காரர் வேலையை ஆரம்பித்தார். காரின் மூக்கு முழுவதையும் மறைத்து, சாமந்தியிலும் ரோஜாவிலும் தோகை விரித்த ஒரு மயில். பக்கத்துக்கு ஒரு வாழைக் கன்று. பானெட் மேல் மல்லிகைச் சரம். வேலை முடிகிறவரை, முடிந்த பிறகும், வண்டியைக் கிளப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஸ்டார்ட் மாடபேடி ஸ்வாமி, ஹூவு பாடிஹோகுத்தே" என்றார். எஞ்சின் சூட்டில் பூ வாடிவிடும் என்பது நியாயம்தானே?

ஆக, எனக்கு ஒரு முழு மத்தியானம் சும்மா கிடைத்தது. சும்மா இருக்கிற மனுஷனைப் போல ஆபத்தானவன் உண்டா?

என் சட்டைப் பையில் வாழை இலையில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. காலையில் வீட்டுச் சமையலறையிலிருந்து, கேட்காமல் எடுத்து வந்தது. உள்ளே புளியும் கொஞ்சம் சாம்பலும். பித்தளை பளபளக்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் வண்டியில் செய்துகாட்ட வேண்டாமா?

என் காரில் பேட்டரி இருப்பது இடது பக்கத்து ஆசனத்தின் கீழே. அதன் தலையில் ஈயத்தில் இரண்டு குமிழ் நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு பித்தளைப் பிடி கவ்விக்கொண்டிருக்கும். கழற்றினேன். உள்ளும் புறமும் புளி போட்டுத் தேய்த்தேன். விளக்கிய குத்துவிளக்காட்டம் ஜொலித்தது. அடுத்தது கழுவ வேண்டும் அல்லவா? அங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. தண்ணீரும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று எங்கேயோ படித்திருக்கிறேன்... யார் கண்டது, நானே எழுதியதாகவும் இருக்கலாம். அதனால் கழுவவில்லை. துணியால் மேலாகத் துடைத்தேன். புளியும் சாம்பலும் பிடிக்குள்ளேயே ஒட்டியிருக்க, குமிழில் மாட்டி இறுக்கி முடுக்கினேன். மேலே ஆசனம், ஆசனத்தின் மேல் மாப்பிள்ளை உயரமாகத் தெரிய ஒரு மணை, மணையின் மேல் பட்டு ஜமக்காளம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். சர்ஜ் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கழுத்தில் மாலை. மணையில் ஏற்றி உட்கார வைத்தோம். குழந்தைகள் மட்கார்டில் தொற்றிக்கொண்டார்கள். காஸ் லைட்டுகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டின. முன்விளக்கைப் போட்டேன். எதிர்வீட்டுச் சுவர் பளிச்சென்று வெளுத்தது. நாதஸ்வர கோஷ்டி வாசித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தது. நான் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, செல்ஃப் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி அழுத்தினேன். மறுபடி இல்லை. நாதஸ்வர கோஷ்டி தெருமுனை வரைக்கும் போய், பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டு, வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தது. அந்த நிசப்தம் இருக்கிறதே, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, பயப்பட என்ன இருக்கிறது? நானே எழுதிய வைத்தியம் கையில் இருக்கிறதே. ஹாரனை அடித்துப் பார்த்தேன், அலறியது. விளக்கு எரிகிறது. ஆகவே பேட்டரியில் கோளாறு இல்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஸ்டார்ட்டரின் பல் சிக்கிக்கொண்டிருக்கிறது, கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும் என்றேன். நாலு பேர் பின்னால் பிடித்து ஆட்டினார்கள். மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முன்னும் பின்னும் ஆடினார். "ஊஞ்சல் நாளைக்குன்னா? இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேளா?" என்று பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அலமேலு அம்மாள்தான். எல்லோரும் சிரித்தார்கள். ராமசேஷன் சிரிக்கவில்லை.

ஸ்டார்ட்டரை இரண்டு தட்டுத் தட்டினால் விழித்துக்கொள்ளும் என்று, தவில்காரரிடம் அவருடைய கம்பைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். பூ அசையாமல் பானெட்டின் பக்கவாட்டு மூடியை மட்டும் தூக்கி, வண்டியிலிருந்த இரும்பு ஹாண்டிலாலேயே தட்டினேன். ஹாண்டிலைப் பார்த்ததும் கூட்டத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. அதைப் போட்டுச் சுற்றிக் கிளப்பலாமே?

நல்ல யோசனைதான். ஆனால் ஹாண்டில் போடுகிற துவாரம் மயிலின் வயிற்றுக்குப் பின்னால் இருந்தது. மயிலை அறுத்தால்தான் எட்டும். மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு பூவை அறுப்பதாவது என்று பெண்கள் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. தள்ளிக் கிளப்பலாம் என்றார் ஒருவர். என் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று ஊர் சொல்ல வேண்டுமா என்று சம்பந்தி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

ராமசேஷன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்க் கை கூப்பிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம், இதோ ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லவில்லை. நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கோளாறைத் தேடுவதற்கல்ல, அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

அப்போதுதான் தெருக்கோடியில் குளம்புச் சத்தம் கேட்டது. இரண்டு வெள்ளைக் குதிரை. அதே சாரட்டு. எங்களுக்கு வேண்டாம் என்றதும் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. உள்ளே வேறொரு மாப்பிள்ளை, மடி நிறையக் குழந்தைகள். வண்டிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, சாட்டையைத் தலைப்பாகைக்குத் தூக்கி, "நமஸ்கார ஸ்வாமி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

இத்தனை நேரமும் மாப்பிள்ளை பேசவில்லை. ஜானவாச மாப்பிள்ளை பேசக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இப்போது குனிந்து என் காதோடு சொன்னார்:

"மாமா, இன்னொரு தரம் அழுத்துங்கோ. பொத்தானைப் பார்க்காதேங்கோ, எதிர்ச் சுவரைப் பாருங்கோ."

அழுத்தினேன். சுவர் இருண்டது. கையை எடுத்தேன். வெளிச்சம் திரும்பி வந்தது. இவ்வளவு நேரமும் இப்படித்தான் அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

அவர் தணிந்த குரலில் விளக்கினார். செல்ஃபை அழுத்தும்போது விளக்கு அப்படியே எரிந்தால் ஸ்விட்சைச் சந்தேகிக்க வேண்டுமாம். கொஞ்சம் மங்கினால் ஸ்டார்ட்டர் சிக்கியிருக்கலாமாம். அடியோடு அணைந்தால் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்க வேண்டும். ஹாரன் அலறியதால் பேட்டரி தீரவில்லை. விளக்குக்கு வேண்டிய கொஞ்ச மின்சாரம் அந்தக் கெட்ட இணைப்பு வழியே ஊர்ந்து வந்துவிடும். செல்ஃபுக்கு வேண்டிய அத்தனையும் வர முடியாமல் அங்கேயே நின்று சூடாகும். ஆகவே அழுத்திவிட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தால், சுடுகிற இடம்தான் குற்றவாளி.

விளக்கு எரிந்தால் பேட்டரி பக்கமே போகாதே என்று எழுதியவன் நான். அதை அவரும் படித்திருப்பார். அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஸ்விட்சைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகிற கம்பி, அதுவும் ஜில்லென்றுதான். மிச்சம் பேட்டரி. பேட்டரியின் மேல் மாப்பிள்ளை.

அடுத்த தர்க்கம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கீழே இறங்கலாமா? இறங்கினால் ஊர்வலம் அங்கேயே முடிந்ததாக ஆகிவிடாதா? சம்பந்தி கூடாது என்றார். கடைசியில் சாஸ்திரிகள் ஒரு வழி சொன்னார். பாதம் பூமியில் படாமல் இருந்தால் சரி, வண்டிக்குள்ளேயே நிற்கலாம். மாப்பிள்ளை எழுந்து, காரின் முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு என் ஆசனத்தின் மேல் ஏறி நின்றார். குழந்தைகள் கை தட்டினார்கள். நான் ஜமக்காளத்தை விலக்கி, மணையை எடுத்து, ஆசனத்தைத் தூக்கி, பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு, பித்தளைப் பிடியின் மேல் கையை வைத்தேன்.

சுட்டது. கையை உதறிக்கொண்டேன்.

சுடுவதற்கு முன்பே விஷயம் புரிந்துவிட்டது. பிடியைக் கழற்றியதும் காஸ் லைட் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள்: பழுப்பாக, காய்ந்து, நாரோடு ஒரு பசை. அலமேலு அம்மாள் முன்னால் வந்து குனிந்து முகர்ந்தார்.

"புளின்னா இது?"

ஆசனத்துக்கு அடியில் புளி எப்படி வந்தது, பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வண்டியை இந்த லட்சணத்திலா தயார் செய்வார்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ராமசேஷன் முந்திக்கொண்டார்.

"எங்காத்து மனுஷா யாரோ தெரியாம பண்ணிட்டா. மன்னிக்கணும்."

அவருக்குத் தெரியும். மத்தியானம் பூ வேலையைப் பார்க்க வந்தபோது, கையில் புளியோடு நான் குனிந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நான் இழுத்துவிட்ட அவமானத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, என்னைக் காப்பாற்றினார். என் பேர் பத்திரிகையில் வருகிற பேராம். இதையும் அவரே பிற்பாடு சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். அங்கேயே, அப்போதே, உரக்கச் சொன்னேன். தேய்த்தது நான், புளி என் வீட்டுப் புளி, ராமசேஷன் வீட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன்.

என்ன நடந்தது தெரியுமா? சம்பந்தி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சிநேகிதனுக்காகப் பழியை ஏத்துக்கறேள் பாருங்கோ. இந்தக் காலத்துல யார் செய்வா?"

இல்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். காரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர் பேட்டரியில் புளியைப் போட்டுத் தேய்ப்பாரா, நாங்கள் என்ன குழந்தைகளா என்று சிரித்தார். சத்தியம் செய்தேன். அவர் மதிப்பில் இன்னும் ஒரு படி உயர்ந்தேன். சொல்லச் சொல்ல நான் பெரிய மனுஷனாகிக்கொண்டே போனேன். ராமசேஷன் வீடு சின்னதாகிக்கொண்டே போயிற்று.

கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து — ஆமாம், அதே தண்ணீர்தான் — பசையைக் கழுவி, சுரண்டி, துடைத்துக் காயவைத்து மாட்டினோம். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினேன். வண்டி சிங்கம் போல உறுமிக் கிளம்பியது. தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட அந்தத் திரும்பிப் பார்ப்பு கிடைத்தது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டினேன்.

மறுநாள் முகூர்த்தம் குறைவில்லாமல் நடந்தது. முதல் பந்தியில் சம்பந்தி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விடு" என்று அவரே பரிமாறுகிறவருக்குச் சொன்னார். நான் அந்த ரசத்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தேன். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதோ என்று விசாரித்தார்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது சாயங்காலம் நலங்கில் நடந்தது. நலங்கு என்றால் கேலி உண்டுதான். பாட்டில் சம்பந்தியை வாரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அலமேலு அம்மாளுக்கு நல்ல குரல். காருக்கே ரசம் வைத்த வீடு என்று ஒரு அடி சொந்தமாகக் கட்டிப் பாடினார். பந்தல் முழுவதும் சிரித்தது. ருக்குவும் சிரித்தாள். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள், "என்னடி புளியாத்துப் பெண்ணே" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். அதுவும் கேலிதான். ஆனால் சம்பந்தி வீட்டுக் குழந்தைகள் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். ருக்கு உருட்டி விளையாடக் கையில் வைத்திருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, தலைவலிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஒரு பெண்ணுக்குப் புக்ககத்தில் முதல் நாள் விழுகிற பேர் எத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமசேஷன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் எல்லோரிடமும் சொல்கிறேன் என்று அவரிடம் போனேன். "சும்னே இரும் ஓய். சொன்னா உம்மை இன்னும் மெச்சுவா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிளம்புகிற சமயத்தில் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் நாள் என் நகக்கண்ணில் நார் இருந்ததைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பார்த்தவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நான் சொன்னா, அதுக்குள்ள பெண்டாட்டி பக்கம் சாஞ்சுட்டான்னு சொல்லுவா. நீங்கதான் சொன்னேளே மாமா, யார் நம்பினா? எங்க அத்தை காதால கேக்கறதை நம்பமாட்டா. அச்சுல வந்தா நம்புவா. உங்க பத்தியை வாராவாரம் எங்காத்துல சத்தமாப் படிக்கறதே அவதான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பானையில் புளி குறைந்தது எப்படி என்று இரண்டு நாளாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாளாம். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தேய்ச்சா, கழுவ வேண்டாமா?"

எழுத உட்கார்ந்தேன்.

அச்சுக்கு என்னதான் மந்திரம் இருக்கிறதோ! நேரில் நின்று சத்தியம் செய்தால் சிரிக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் எழுதி அச்சடித்தால், அதை நம்பி சாரட்டை வேண்டாம் என்கிறார்கள். எழுதும்போது இது எனக்குத் தோன்றியதே இல்லை. ஏதோ ஒரு வாரம் கழிந்தது என்று இருந்துவிடுகிறேன். அந்த வரியை நம்பி எங்கோ ஒருவர் தன் பெண்ணின் கல்யாணத்தை நடத்துகிறார். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, அந்தப் பழைய பத்தியை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டு யாராவது பேட்டரியைத் தேய்த்திருந்தால், பிடியைக் கழற்றி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வண்டி கிளம்பாவிட்டால் எதிர்ச் சுவரைப் பாருங்கள். அதற்கும் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

இனி எழுதுவது ஒரே ஒருவருக்கு.

அலமேலு அம்மாள் அவர்களே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம் போல வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இதையும் சத்தமாகப் படியுங்கள். அந்தப் புளி எங்கள் வீட்டுப் புளி. தேய்த்த கை என் கை. கழுவாமல் விட்ட புத்தியும் என்னுடையதுதான். ராமசேஷன் வீட்டில் யாருக்கும் இதில் பங்கில்லை; ருக்குவுக்கு என் காரில் பேட்டரி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எனக்குப் பெருந்தன்மை கிடையாது. இருந்திருந்தால் சாரட்டே வந்திருக்கும்.

அச்சில் வந்துவிட்டது அம்மா. இனிமேல் ருக்குவை ருக்கு என்றே கூப்பிடுங்கள்.